என் மனைவி பார்க்க விடாத படங்கள்

பூகம்பம், எரிமலை, வெள்ளம், டைனோசர். இந்த நான்கில் ஒன்று இருந்தால் போதும், தமிழில் டப்பிங் செய்த எந்தப் படமானாலும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் வைத்திருக்கிறவனுக்கு இதைவிட என்ன பொழுதுபோக்கு வேண்டும்? கஷ்டகாலம், நான் கட்டிக்கொண்டது ஒரு அறிவியல் டீச்சரை.

குகை மனிதன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு டைனோசரைத் துரத்துவான். எனக்கு மூச்சே நின்றுவிடும். பக்கத்திலிருந்து குரல் வரும். "ஏங்க, அதெல்லாம் செத்து ஆறரைக் கோடி வருஷம் கழிச்சுதான் மனுசனே வர்றான்."

"விடு, படம்தானே" என்பேன்.

"சரி, மூஞ்சில ஒரு முடி இல்லையே, எந்த சலூனுக்குப் போய்ட்டு வந்தான்?"

இந்த லட்சணத்தில் எங்கே படம் பார்ப்பது? ஒரு நாள் நீளக் கழுத்து டைனோசர்கள் பச்சைப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. இதிலாவது குற்றம் இல்லை என்று நினைத்தேன். "இதுங்க வாழ்ந்த ஜுராசிக் காலத்துல புல்லே கிடையாதுங்க" என்றாள். புல் இல்லாமல் ஒரு பூமியா? "நெல்லும் புல்லு இனம்தான். அதுவும் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குத் தோசை வார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. இரண்டு நாள் வயல் வரப்பில் நடக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. இவ்வளவு பச்சையும் ஒரு காலத்தில் இல்லவே இல்லையாம்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கும் சில தப்புகள் தெரியும். ஒரு படத்தில் கடல் பொங்கி ஊருக்குள் வந்து வயலையெல்லாம் மூழ்கடித்தது. அடுத்த காட்சியில் தண்ணீர் வடிந்து, பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறது! உப்புத் தண்ணீர் ஏறிய வயல் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடாதா? மென்று விழுங்கிவிட்டேன்.

வினை தஞ்சாவூர்த் தியேட்டரில் வந்தது. படத்தில் எரிமலைக் குழம்பு ஆறாக ஓடுகிறது, கதாநாயகன் அதன் ஓரமாகவே வேர்க்காமல் ஓடுகிறான். "அந்தச் சூட்டுக்கு இந்நேரம் வெந்திருப்பான்" என்றாள் இவள், கொஞ்சம் சத்தமாகவே. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "ஒரு படமாவது வாயை மூடிக்கிட்டுப் பாக்க மாட்டியா நீ?" என்று கத்திவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "இனிமே எந்தப் படத்தப் பத்தியும் ஒரு வார்த்தை பேச மாட்டேன், போதுமா?" என்றாள். சொன்னபடியே இருந்தாள். அதன் பிறகு மூன்று படங்களை நிம்மதியாகப் பார்த்தேன். வைக்கோலை மெல்லுவது போல இருந்தது. பனியுகத்து மனிதன் வெள்ளை வெளேரென்ற பல்லைக் காட்டிச் சிரித்தபோது ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். உதடு துடித்தது, வார்த்தை வரவில்லை. "சொல்லேன்" என்று கேட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை.

அந்த ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. பசுவையும் கன்றையும் முன்கூட்டியே அவிழ்த்துவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே இருந்தோம். விடிகிற நேரத்தில் வடக்கிலிருந்து பிடித்த காற்று, தோப்பில் பாதி மரங்களைத் தெற்கே சாய்த்தது. நான் வைத்து வளர்த்த மரங்கள். பிறகு திடீரென்று காற்று நின்றது. ஓர் இலைகூட அசையவில்லை. மேகம் விலகி லேசாக வெயில்கூட அடித்தது. அப்பாடா என்று இருந்தது. மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து கன்று கத்தியது. அவிழ்த்துவிட்டும் போகாமல் அங்கேயே நின்றிருக்கிறது. நான் கதவைத் திறந்தேன்.

"எங்க போறீங்க?"

"கன்னுக்குட்டி கத்துது. அதான் காத்து நின்னுடுச்சே."

"இன்னும் முடியலைங்க. புயலோட நடுப்பகுதி நம்ம மேல நிக்குது. இது தாண்டினதும் தெக்கேருந்து திருப்பி அடிக்கும்."

"ஆரம்பிச்சிட்டியா? இது சினிமா இல்லடி, நெசம்!"

"அதனாலதாங்க சொல்றேன்!"

சொல்லிக்கொண்டே எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். நான் திட்டாத திட்டில்லை. தள்ளிக்கூடப் பார்த்தேன். பாவி மகள் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது பாருங்கள், முன்னால் வந்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. முதல் காற்றுக்குத் தாங்கி நின்ற கொல்லைத் தென்னை ஒன்று வேரோடு பெயர்ந்து கொட்டகையின் மேல் விழுந்ததை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நான் நின்றிருக்க வேண்டிய இடம் அது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கன்று போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் பார்த்தால் தாயும் கன்றும் வாய்க்கால் கரையில் நிற்கின்றன. எப்போது தப்பித்து ஓடியதோ, கட்டிக்கொண்டு அழுதேன்.

விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, புதுத் தென்னம்பிள்ளை வைத்து முடிக்கப் பல மாதம் ஆனது. அப்புறம்தான் மறுபடியும் அதே தஞ்சாவூர்த் தியேட்டருக்குப் போனோம். புயல் படம். பேய்க்காற்று அடித்து ஓய்ந்தது, வெயில் வந்தது. கதாநாயகன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். எனக்கு என்ன ஆனதோ தெரியாது, எழுந்து நின்றுவிட்டேன்.

"டேய், வெளிய வராதடா! உள்ள போ!"

தியேட்டரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"விடுங்க, படம்தானே" என்றாள். பிடித்த கையைப் படம் முடியும்வரை விடவில்லை.