பொகவந்தலாவையில் மூடிய பெட்டிகள்

2024
பெப்ரவரி 9 – அனுப்பியது 4
மார்ச் 21 – திரும்பியது 1
ஏப்ரல் 5 – அனுப்பியது 6
மே 17 – திரும்பியது 4
மே 27 – அனுப்பியது 5
ஜூன் 14 – திரும்பியது 5
ஒரு பெட்டிக்குக் கூலி – ரூ. 4,500

இந்தக் கணக்கு பக்கத்து வீட்டு ஐவியுடையது. கொப்பி மட்டும் என்னுடையது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் மழை அளவும் பெட்டிக் கணக்கும் எழுதியவன் என்பதால், "நீங்களே எழுதி வைங்க கிளாக்கரய்யா, எனக்குக் கை ஓயல" என்று கொடுத்துவிட்டாள்.

ஐவி 1979இல் இங்கே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். 2007 முதல் 2018 வரை நீர்கொழும்புப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் கிளாஸ் வேலை செய்தாள். கணவர் பத்திநாதன் தோட்டத்தில் இருந்தார். சீனி வியாதியில் அவருடைய இடது பாதத்தில் பாதியை எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அடுத்த வாரமே ஐவி திரும்பி வந்தாள். மறுபடி போக மாட்டேன் என்று அவருக்குச் சொல்லியிருந்தாள்.

வீட்டிலிருந்தே செய்ய ஒரு வேலை கிடைத்தது. கொழும்பில் றிஷாத் என்பவர் நாலு சில்லுப் பலகைக்கு மோட்டர் பூட்டி, மின்சார ஸ்கேட்போர்டாக விற்கிறார். பற்றரியும் சர்க்கியூட் தட்டும் பலகையின் அடியில், தரைக்கு நாலு விரல் உயரத்தில் இருக்கும். கல்லும் தண்ணீரும் படாமல் அவற்றை அடக்கும் பெட்டியை ஐவி செய்கிறாள். பற்றரியைச் சாமான்களோடு அவர் பஸ்ஸில் அனுப்புவார். அச்சில் ஃபைபர் பாயை விரித்து ரெசின் பசை பூசுவாள். இந்தக் குளிரில் அது இறுக, பல்ப் எரிய வைத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். பிறகு பற்றரியைப் பஞ்சுத் துண்டுகளில் அமர்த்தி, ரப்பர் நாடா வைத்து, பன்னிரண்டு திருகாணி போட்டு மூடி, தண்ணீர் பீப்பாயில் அமுக்கிப் பார்த்து அனுப்புவாள். பீப்பாயில் ஒன்றும் நனைந்ததில்லை.

கொழும்பில் நனைந்தன. திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் றிஷாத்தின் கடிதம் ஒட்டப்பட்டிருக்கும். "மூடி நடுவில் உள்ளே குழிந்திருக்கிறது. உள்ளே தண்ணீர்." மூடியின் மேல் நான் அடிமட்டக் கோல் வைத்துப் பார்த்தால் தட்டையாக இருக்கும்.

"அந்தத் தம்பிக்குக் கண்ணுல கோளாறு," என்றார் பத்திநாதன்.

நான் சொன்ன யோசனை இன்னும் இறுக்கு என்பது. தேயிலைப் பெட்டிக்குள் காற்றுப் போகக் கூடாது என்று ஆயுள் முழுக்கப் பழகியவன். பன்னிரண்டு திருகாணி பதினெட்டு ஆனது. இறுக்க இறுக்கத் திரும்புவது கூடியது. அது கொப்பியில் என் கையெழுத்திலேயே இருந்தது. எழுதினேன், வாசிக்கவில்லை.

ஐந்தும் திரும்பிய ஜூன் 14 அன்று படகுப் பட்டறையிலிருந்தும் பேசினார்கள். அவளுடைய பழைய வேலை காலியாக இருக்கிறதாம், ஜூலை 31க்குள் பதில் வேண்டுமாம். பத்திநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "போ. நான் இருந்துக்குவேன்," என்றார். ஐவி ஃபைபர் தூள் கடித்துச் சிவந்த முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

ஜூன் 17 அன்று, மூடிய பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினாள். மலைமேல் ஹட்டனில் போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்து மூடியைத் திருகிப் பையில் போட்டாள். மலை இறங்கி அவிசாவளையில் எடுத்துப் பார்த்தபோது போத்தல் நசுங்கிச் சப்பிப் போயிருந்தது. பெட்டியின் மூடியைத் தடவினாள். நடுவில் குழிந்திருந்தது.

றிஷாத்தின் முன் இரண்டையும் வைத்தாள்.

"இந்தப் போத்தலப் பாருங்க தம்பி."

"யாராச்சும் மேல குந்திட்டாங்களா அக்கா?"

"ஒருத்தரும் குந்தல. எங்க ஊர்க் காத்து லேசு. அதை உள்ள வச்சு இறுக்கி மூடிக் கொண்டாந்தா, இங்க உள்ள காத்து வெளிய இருந்து அமுக்குது. நீங்க தண்ணியில ஓட்டுனா, பெட்டி அந்தத் தண்ணிய உறிஞ்சிக் குடிக்குது."

மலைக்கு மேலே வரும்போது கிழங்குப் பொரியல் பக்கற்றுகள் உப்புவதைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறோம். பஸார் மர்சூக்கின் கடையில் அவை தலையணை போலத் தொங்கும். கீழே போவது என்னவாகும் என்று நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை.

"அப்ப நீங்க வெறும் பெட்டிய அனுப்புங்க, நான் இங்க மூடிக்கிறேன். கூலி பாதி," என்றார் றிஷாத்.

பாதிக் கூலியில் பத்திநாதனின் மருந்துக்கே காணாது. ஐவி இன்னொரு வாய்ப்புக் கேட்டாள்.

"சரி, ஆறு அனுப்புங்க. ஒரு மாசம் மழையில நானே ஓட்டிப் பார்க்கிறேன். ஒண்ணு நனைஞ்சாலும் அதோட முடிஞ்சது அக்கா."

ஊருக்கு வந்ததும் வாகனம் திருத்தும் இடத்துக்குப் போனாள். கார்களின் முன்விளக்குகளுக்குப் பின்னால், காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சிறு மூடி ஒன்று இருக்கும். உடைந்த விளக்குகளிலிருந்து ஆறு கழற்றி வந்து, ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கச் சுவரிலும் துளை போட்டுப் பொருத்தினாள்.

"தண்ணி போகாத பெட்டியில ஓட்டை. எந்தக் கிறுக்கன் வாங்குவான்?" என்றார் பத்திநாதன்.

"உலகத்துல நீங்க ஒருத்தர்தானா கிறுக்கு? இன்னும் இருப்பாங்க."

ஜூன் 24 – அனுப்பியது 6.

பார்சல்களை பஸ்காரர் மர்சூக்கின் கடையில் இறக்குவார். ஐவி தினமும் பின்னேரம் மழைக்குள் இரண்டு மைல் நடந்து போய், பெட்டி ஏதும் திரும்பியதா என்று பார்த்தாள். "சாமான் வரலன்னு சொன்னா சந்தோசப்படுற ஒரே ஆள் நீங்கதான்," என்பார் மர்சூக். அவள் சிரிப்பதற்குள் அடுத்த நாள் ஞாபகம் வந்துவிடும். ஜூலையின் முதல் இருபத்தெட்டு நாளில் இங்கே 418 மில்லிமீற்றர் பெய்தது. கொழும்பில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. துணிகளை மடித்து அடுக்கிய பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். பத்திநாதன் அதைக் கண்டிருந்தார்.

பிறகு ஒரு கடிதம் தபாலில் வந்தது. பெட்டி இல்லாமல், உறையில், தனியாக வந்த முதல் கடிதம். ஆறும் உலர்ந்திருக்கின்றன, முழுக் கூலிக்கு இன்னும் பத்து வேண்டும் என்று மூன்று வரி.

"என்னவாம்?" என்றார் பத்திநாதன்.

"பத்து வேணுமாம்."

"கை தாங்குமா?"

"தாங்கித்தான் ஆகணும்."

படகுப் பட்டறைக்குப் பேசி, வரவில்லை என்றாள். பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். பிறகு அச்சைத் துடைக்க உட்கார்ந்தாள். இந்த ஒன்றைத் தவிர, பெட்டி திரும்பினால்தான் றிஷாத் கடிதம் எழுதுவார். அதன் பிறகு எழுத வேண்டி வரவில்லை.

கடைசிக் கடிதம் வந்த திகதி: 2024 ஜூலை 29.