மூடுபனியில் பார்த்த சவ்வு

ஆய்வகக் கதவைத் தொடும் முன் மோனிகா தன் வெள்ளைக் கோட்டின் பைகள் இரண்டையும் வெளியே இழுத்து உதறுகிறாள். அவற்றில் ஒருநாளும் எதுவும் இருந்ததில்லை. அப்பாவிடமிருந்து தொற்றிய பழக்கம். அவர் வெடிமருந்து ஆலை ஊழியர். மறதியாகத் தீப்பெட்டியோடு உள்ளே போய்விடக் கூடாதே என்று தினமும் வாசலில் உதறுகிறவர்.

குன்னூர்க் கல்லூரி ஒன்றில் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்குச் சவ்வு செய்யும் ஆராய்ச்சி மாணவி இவள். பாலிமர்க் கரைசலில் நானோ சிலிக்காத் தூளைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைப்பாள். பாலாடைபோல மெல்லிசாக உரிந்து வரும். கலத்துக்குள் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. இரண்டும் சேர்ந்துவிடாமல் நடுவில் நிற்பது இந்தச் சவ்வுதான். ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் தீப்பற்றிக்கொள்ளலாம்.

"அந்தத் தீ பகல்ல கண்ணுக்கே தெரியாதுங்க," என்பாள், குரலைத் தாழ்த்தி.

பயம் என்றால் அப்படியொரு பயம். குழாய் 'உஸ்' என்றால் வராந்தாவுக்கு ஓடிவிடுவாள். உடன் ஆராய்ச்சி செய்யும் ஜஸ்டஸ் அவளுக்கு 'அபாயச் சங்கு' என்று பெயரே வைத்துவிட்டான். ஆனாலும் ஒவ்வொரு சவ்வையும் சன்னலில் பிடித்து, வெளிச்சத்தில் துழாவிப் பார்க்காமல் விடமாட்டாள்.

அவள் வேலையைப் பார்க்க நான் ஆய்வகத்துக்குப் போயிருந்த அன்று, வெகுநாள் கழித்து வெயில் அடித்தது. புதுச் சவ்வைக் கலத்தில் பொருத்தியாயிற்று. அதில் வெட்டி மீந்த துண்டைச் சும்மா சன்னலில் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தூள் திரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒன்றின் ஓரத்தில் ஓட்டை.

"போன வாரம் பாத்தனுங்க. சன்னல் பூராம் மூடுபனி. வெள்ளையில வெள்ளை தெரியலீங்க..." என்றாள் என்னிடம்.

ஜஸ்டஸ் கலத்தின் மேல் குனிந்து குழாயை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அதைக் கழட்டிருங்க ஜஸ்டஸ். ஓட்டை இருக்குதுங்க."

"ஏனுங்க மோனிகா, முந்தாநேத்தும் இதத்தானுங்க சொன்னீங்க. பிரிச்சுப் பாத்தா ஒண்ணையும் காணோம். இது ஓரத் துண்டு. நடுவால நல்லாத்தான் இருக்கும்."

சிரித்துக்கொண்டே ஹைட்ரஜன் சிலிண்டரைத் திறக்க எழுந்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோனேன்.

மோனிகா கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஓடவில்லை. அவனை முந்திக்கொண்டு போய், சிலிண்டர் தலையில் மாட்டியிருந்த, அதைத் திறக்கும் சாவியைக் கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.