ஒரு காணி உப்பு

விவசாய டிமான்ஸ்டிரேட்டர் வேலை என்றால், அடுத்தவன் நிலத்தில் நின்று புத்தி சொல்லிவிட்டு, விளைந்தாலும் விளையாவிட்டாலும் மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்குவது. என்னைப் போல் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வசவு வாங்கிய சகாக்களே, உங்களுக்கு இது புரியும். யுத்த காலத்தில் நான் திண்டிவனத்தில் இருந்தேன்.

ஈரத்தில் கருகல்

பொம்மையார்பாளையம் பக்கம், புயலில் கடல் தண்ணீர் வயலுக்குள் ஏறி வடிந்திருந்தது. ஏழுமலை என்ற குடியானவருக்கு இருந்தது அங்கே ஒரு காணிதான். அது போனால் கூலிக்குத்தான் போகவேண்டும். மழை பெய்ததும் நெல் நட்டார். கணுக்கால் அளவு தண்ணீர் நின்றும் பயிர் நுனி கருகியது. பூச்சி என்று நினைத்து என்னைக் கூப்பிட்டார்.

பூச்சி இல்லை, உப்பு என்றேன். வேருக்குள் இருப்பதைவிட வெளித் தண்ணீரில் உப்பு அதிகமானால் வேரால் உறிஞ்ச முடியாது, மீறி உள்ளே போகும் உப்பும் இலை நுனியில் சேர்ந்து தீய்த்துவிடும் என்று பாடம் நடத்தினேன். அவர் ஒரு பயிரைப் பிடுங்கி வேரையே பார்த்தார்.

"அப்ப இதுங்க தண்ணியில நின்னுகினே தாகத்துல சாவுதுங்களா?"

சுரண்டிய குற்றம்

கோடையில் வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தச் சொன்னேன். ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும் முதுகு ஒடியச் சுரண்டி வரப்போரம் குவித்தார்கள்.

உப்புக்கு வரி வசூலிக்கும் சர்க்கார் அதிகாரி ஒருவர் வந்தார். வரி கட்டாமல் உப்புக் காய்ச்சத்தான் அந்த மண் என்று முடிவு கட்டிவிட்டார். குவியலை ஏழுமலை கையாலேயே வயலில் திரும்பக் கொட்டவைத்து, தண்ணீர் ஊற்றி, மிதிக்கவும் வைத்தார். சேதி தெரிந்து நான் ஓடிப்போய் வேர், உப்பு எல்லாம் விளக்கினேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"மண்ணு உங்க டிபார்ட்மென்ட், உப்பு எங்க டிபார்ட்மென்ட். குறுக்க வராதீங்க சார்."

உமரி

அடுத்த நடவும் கருகியது. பிறகு வயலில் உமரிக் கீரைதான் மண்டியது. நெல் சாகிற மண்ணில் அது உப்பை உறிஞ்சி இலையில் வைத்துக்கொண்டு செழிக்கும். பிடுங்கி எறிந்தால் நிலத்தில் உப்பு கொஞ்சம் குறையும் என்று சொல்லப் போனேன்.

வயல் ஏற்கெனவே மொட்டையாக இருந்தது. ஏழுமலை விழுப்புரத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டாராம். அஞ்சலை அந்தக் கீரையைத்தான் வேகவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பிடுங்கியது நல்லதுதான் என்றேன்.

"நல்லதுதாங்க. உப்புகூடப் போட வேணாம், தொட்டுக்க ஆச்சு. சோறுதாங்க இல்ல."

சர்க்கார் ஆட்கள் யாராலும் எடுக்க முடியாத உப்பை அந்தக் காணியிலிருந்து கொஞ்சமாவது எடுத்தது, அந்த வீட்டுப் பிள்ளைகளின் வயிறுதான்.