அண்ணி பிடித்த தாளம்

அண்ணிக்குத் தொழில் கார் சீட்டுக்கு உறை தைப்பது. கணவரின் பட்டறையில் மோட்டார் தையல் மெஷினுக்கு முன்னால் இருபது வருடமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ரெக்ஸினோ தோலோ, எதைக் கொடுத்தாலும் தையல் கோடு கிழித்தாற்போல் போகும். ஸ்பாஞ்சை வெட்டுவதும் உறையை இழுத்துப் பூட்டுவதும் கணவரின் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம் அவர். குரூப் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் கை கழுவப் போய்விடுவார்.

பட்டறையின் பின்அறையில் கழித்துப்போட்ட சீட்டுகளும் ஸ்பாஞ்சும் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. உள்ளே எவ்வளவு கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது என்று கண்டுபிடித்தவன் அவளுடைய கொழுந்தன். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கிரீஸும் கையுமாகத் திரிகிறவன், கிட்டாரை எடுத்துவிட்டால் ஆளே வேறு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நண்பன் பேஸ் கிட்டார், இன்னொரு நண்பன் டிரம்ஸ். மூவரும் சேர்ந்து ஹார்ட் ராக் குழு ஒன்று தொடங்கினார்கள். எந்தக் கம்பெனியையும் நம்பவில்லை. பாட்டும் மெட்டும் அவர்களே. குழுவுக்கு ‘துரு’ என்று பேர். இதைக் கேட்டுவிட்டு நாலு பேர் பழைய காரைத் தள்ளிக்கொண்டு வரப்போகிறார்கள் என்றதோடு கணவர் நிறுத்திக்கொண்டார்.

தெருவுக்குக் கேட்காதது தையல் மெஷினுக்கு நன்றாகவே கேட்டது. முதல் மாதம் அண்ணி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். பிறகு பஞ்சை மறந்தாள். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், தன் நெஞ்சு அடிப்பதையே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவனைப் பற்றிக் கொழுந்தன் எழுதிய பாட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியில் டிரம்ஸ்காரன் ஒவ்வொரு தடவையும் தாளத்தை விட்டு ஓட்டமெடுத்தான். டீ கொடுக்கப் போனபோது சொல்லியும் பார்த்தாள். சிரித்து மழுப்பிவிட்டான்.

மூன்றாவது வருடம் அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. சொந்தமாகப் பாட்டுக் கட்டும் ஆறு குழுக்கள் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. ஆள் தேடி அலுத்த கொழுந்தன், ஒரு மாலை கப்பல் கவிழ்ந்தவன்போல் பின்அறையில் உட்கார்ந்திருந்தான். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிரம்ஸ் முன்னால் அமர்ந்தாள்.

“அந்த லிஃப்ட் பாட்டைத் தொடங்குங்க, தம்பி.”

மருந்துக்கடைக்காரன் விளையாட்டு என்றுதான் நினைத்தான். கையைப் பொறுத்தவரை அது விளையாட்டுதான். ஒரு குச்சி பறந்துபோய் அவன் நெற்றியையே பதம் பார்த்தது. ஆனால் பெரிய டிரம்மை மிதிக்கும் வலது கால் இம்மி பிசகவில்லை. அரை மிதி, கால் மிதி, ஊசி முனையில் நிறுத்தம் என்று இருபது வருடம் பழகிய கால். கடைசிப் பகுதியும் ஓடாமல் நின்றது. கொழுந்தன் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு, “அண்ணி, கையை மட்டும் பழகிக்குங்க, போதும்,” என்றான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து அடித்துப் பழகினாள். விரல் பத்திரம் என்று மட்டும் சொன்னார் கணவர். கல்லூரியில் படிக்கும் மகளோ, நிகழ்ச்சிக்கு வருவேன், ஆனால் தெரியாதவள்போல் நின்றுகொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். நாற்பத்து நான்கு வயதில் இது தேவையா என்று அண்ணியே தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் அந்தக் கேள்வி இருந்த இடம் தெரியாமல் போனது.

நிகழ்ச்சி ஒரு ஞாயிறு பிற்பகல். வழவழவென்று மெருகேற்றிய மரமேடை. முதல் பாட்டு தேறியது. இரண்டாவதில்தான் வில்லங்கம். மிதிக்க மிதிக்கப் பெரிய டிரம் வழுக்கி முன்னால் நகர்ந்தது. அவள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். சிலர் சிரிப்பது கேட்டது. முதுகைக் காட்டிப் பாடிக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு சாண் போனால் கால் எட்டாது. மானம் போயிற்று என்று நினைத்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து கணவர் எழுந்தார். செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு மேடையேறி, டிரம்முக்கு முன்னால் சம்மணம் போடாமல், பாதத்தைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, முதுகை அதற்கு முட்டுக் கொடுத்தார். முந்நூறு பேர் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு மிதிக்கும் அவர் தோள் குலுங்கியது. டிரம் அசையவில்லை.

அடுத்த மூன்று பாட்டுக்கும் அப்படியே இருந்தார். லிஃப்ட் பாட்டில் கிட்டார் அடங்கி, நெஞ்சு அடிப்பதுபோல் அவள் மிதி மட்டும் கேட்கும் இடம் வந்தபோது கூட்டமும் அதே தாளத்தில் கை தட்டத் தொடங்கியது. மகள் தெரியாதவள்போல் நிற்கவில்லை, நாற்காலிமேல் நின்றாள்.

இறங்கி வந்ததும் அண்ணி கணவரைத் தனியாகப் பிடித்தாள். “முதுகு வலிக்குதாங்க?”

“மூணாவது பாட்டுல கொஞ்சம் பலமா மிதிச்ச,” என்றார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டே, “அதுதான் நல்லா இருந்துச்சு,” என்றார்.

கட்டின பெண்டாட்டியிடம் ஊர் முன்னால் உதை வாங்கியவர் என்று பட்டறைக்கு வந்தவர்கள் அவரைக் கொஞ்ச காலம் கிண்டல் செய்தார்கள். அவரோ அதற்குள் தடித்த ரெக்ஸினுக்கு அடியில் ரப்பர் ஒட்டி, முன்னால் ஒரு மரக்கட்டை வைத்து, டிரம் வழுக்காத விரிப்பு ஒன்று செய்து முடித்தார். அன்று வாசித்த மற்ற குழுக்களில் இரண்டு அதேபோல் வேண்டும் என்று கேட்டு வந்தன.

ஏழு பாட்டை அதே பின்அறையில் தாங்களே பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். கிரேன் ஓட்டும் ஒருவர், மேலே தனியாக இருக்கும்போது லிஃப்ட் பாட்டுதான் துணை என்று எழுதியிருந்தார். மகள்தான் எல்லாருக்கும் பதில் போடுகிறாள்.

இரண்டாவது தொகுப்புக்கு அண்ணி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை மெட்டில் உட்கார மறுக்கிறது, மாற்றலாமா என்று கொழுந்தன் கேட்டான்.

“மெட்டை மாத்துங்க, தம்பி,” என்றாள் அண்ணி. அவன் மாற்றிக்கொண்டிருக்கிறான்.