திறந்திருந்த இரும்புக் கதவு

ஆம்புரோஸ் பெத்திக் 1889 மார்ச் 4ஆம் தேதி டெவன்போர்ட் துறைமுகத்தில் பையன் மாலுமியாகச் சேர்ந்தார். கல்லுடைப்பவர் மகன். அடிமட்டத்தில் ஏறியவர் சட்டைக் கைமடிப்பில் லெப்டினன்ட் பதவியின் பொன் பட்டையோடு இறங்குவது அந்நாளில் அபூர்வம். இருபத்தாறு வருடம் அவர் வேண்டியது அந்தப் பட்டை ஒன்றைத்தான்.

1915இல் 'மெரிடன்' போர்க்கப்பலின் வெடிமருந்து அறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொரு மருந்துப் பையும் மேலே பீரங்கிக்குப் போனதும் இரும்புக் கதவைச் சாத்த வேண்டும். மேலே தீப்பிடித்தால் அது அறைக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் கடற்படையில் அப்போது வேகத்துக்குத்தான் பெயர். சுடும் போட்டிக்கு ஆறு நாள் இருக்கையில் கேப்டன் வெரியர் அவரைக் கூப்பிட்டார்.

"என்ன பெத்திக், உங்க ஆளுங்க கதவோட கண்ணாமூச்சி ஆடுறாங்களா? பக்கத்துக் கப்பல்காரன் மூணு சுடறதுக்குள்ள நாம ரெண்டுதான் சுடறோம்."

"விதி அப்படி, சார்."

"விதி எனக்கும் தெரியும். உங்க பதவி உயர்வுக்கு நான் சிபாரிசு எழுதணும். என்னன்னு எழுத? கதவை நல்லா சாத்துவார்னா?"

பெத்திக் கீழே இறங்கி, அறைக் காவலர் ஜேகோவிடம் சொன்னார்: "கதவு திறந்தே இருக்கட்டும். இருபது பையை வெளியில அடுக்கி வை."

"அப்ப இனிமே வெடிமேல உக்காந்துதான் டீ குடிக்கணும்."

"சொன்னதைச் செய்."

"ஆகட்டும், லெப்டினன்ட் சார்" என்றார் ஜேகோ. அந்தப் பதவி இன்னும் வந்திருக்கவில்லை.

போட்டியில் மெரிடன் பதினொரு விநாடி வித்தியாசத்தில் வென்றது. செப்டம்பர் 17இல் பட்டை வந்தது. அதன்பின் அந்தக் கதவை யாரும் சாத்தவில்லை.

மறு வருடக் கோடையில், வட கடல் சண்டையில், மாலை 5.52க்கு ஒரு குண்டு பின்பக்கப் பீரங்கிக் கூண்டைத் துளைத்தது. தீ அடுக்கியிருந்த பைகளைப் பிடித்துக் கீழே இறங்கியது. அறைக்குள் யாரோ கடல்நீர்க் குழாயைத் திறந்துவிட்டதால் கப்பல் தப்பியது. அறுபத்தெட்டுப் பேர் தப்பவில்லை. ஜேகோவின் கை கதவின் கைப்பிடியிலேயே இருந்தது. கீழே சரிந்த பைகளின் தகர உறைகள் தடுத்ததால் கதவு ஒரு சாண் மூடாமல் நின்றிருந்தது. அந்தக் கையைப் பெத்திக்தான் எடுத்துவிட்டார்.

விசாரணைக்கு முன் வெரியர் மெதுவாகச் சொன்னார்: "எதிரி குண்டு கனம். அதோட நிறுத்திக்கங்க. செத்தவங்க வீட்டுக்கு வேற எதைச் சொல்லப் போறீங்க?"

மூன்று அதிகாரிகள் முன் பெத்திக் நின்றார். "கதவு திறந்திருந்துச்சு, சார். திறந்து வைக்கச் சொன்னது நான்."

"யார் சொல்லி?" என்றார் தலைவர்.

வெரியர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன் கேட்டார். செஞ்சது நான்."

தலைவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். காரணம் எதிரியின் குண்டு என்று அறிக்கை முடிந்தது. அதே மாதம் எல்லாக் கப்பலிலும் கதவைச் சாத்தி வைக்க உத்தரவு போயிற்று. ஏன் என்று அதில் இல்லை. பெத்திக்கைக் கரையிலிருந்த கிடங்கு ஒன்றுக்கு மாற்றினார்கள்.

அக்டோபரில் அவர் ஜேகோவின் மனைவியைத் தேடிப் போனார். அவள் கையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்தாள். அவர் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

"எதிரி குண்டுன்னு எழுதியிருந்தாங்க, சார்" என்றாள் அவள். "பிள்ளைங்ககிட்ட அதைத்தான் சொல்லியிருக்கேன். அதையும் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."