பெரியப்பா பார்த்தது இதயமல்ல

இதை வாசிப்பவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவுக்கு. பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதிய பக்கத்தில் 'நாய்' என்று வந்த இடமெல்லாம் அம்மா வெட்டிவிட்டார். "நாயைப் பற்றி எழுதினா ஆர், பிள்ளை, மலரை வீட்டில வைச்சிருப்பினம்?" என்றார். அந்தப் பக்கம் அச்சுக்குப் போகட்டும். அவரைத் தெரிந்த உங்களுக்காக இதைப் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தேன். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, "அண்ணை போயிட்டார்" என்றார். பஸ் தரிப்பிடத்தில் மாரடைப்பாம். மாலையே மோர்டன் பக்கமிருக்கும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். "இதய டொக்டருக்கே ஹார்ட் அட்டாக்கோ?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அழுதுகொண்டிருந்த பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை முழுதாக மூடிக்கொண்டார். பெரியப்பாவை இதய டொக்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் பெரியம்மாதான்.

பெரியப்பா மருத்துவரே அல்ல. ஆய்வுகூடமொன்றில் பொறியியலாளர். வயதான ஆண் நாய்களுக்கும் மனிதரைப் போலவே புரோஸ்டேட் சுரப்பி வீங்கும், புற்றுநோயும் வரும். மயக்க மருந்து கொடுத்த நாயின் பின்வழியாக ஒரு கருவியைச் செலுத்தி அந்தச் சுரப்பியைப் படம் பிடிப்பது அவர் வேலை. கருவி லேசர் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சும். ஒளி பட்ட இரத்தம் கணநேரம் சூடாகி, நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும். அல்ட்ராசவுண்ட் சுரப்பியின் வடிவத்தைக் காட்டும். இந்த ஒலியோ உள்ளே இரத்தம் எங்கே கூடியிருக்கிறது என்று காட்டும். "வெளிச்சத்தைக் குடுத்தாச் சதை வாய் திறந்து கதைக்கும்" என்பார், சோற்றைக் குழைத்தபடியே. "சாப்பிடேக்கையோ இந்தக் கதை?" என்று பெரியம்மா கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவார்.

ஒரு பிறந்தநாள் விழாவில், யாரோ ஒரு மாமா சேட்டுப் பட்டனைக் கழற்றி, "டொக்டர், இதில குத்துது" என்று நெஞ்சைக் காட்டினார். பெரியம்மா கண்ணால் கெஞ்சினார். பெரியப்பா கேக்கை மென்று முடித்து, "அண்ணை, நான் நாயளின்ர பின்பக்கம் பாக்கிறவன். உங்கட நெஞ்சு எனக்கு விளங்காது. நாளைக்கே உங்கட குடும்ப டொக்டர், ஜிபியிட்டப் போங்கோ" என்றார். மாமா அதைப் பெரிய மனிதரின் பகிடி என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பெரியம்மா ஒரு கிழமை கதைக்கவில்லை.

கடைசியாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நான் மாடிப்படியில் ஒளிந்திருந்து கேட்டேன். அப்பா இரவில் நாலைந்து தரம் எழும்பிக் கழிப்பறைக்குப் போகிறார். புரோஸ்டேட் பரிசோதனைக்கு அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை வரச்சொல்லி ஆஸ்பத்திரிக் கடிதம் வந்திருந்தது. அதை அவர் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. வயசு."

"டேய், எத்தினை நாயைப் பாத்திட்டன். ஒண்டுகூட உன்னை மாதிரி வெக்கப்படேல்லை."

"அதுக்கு மயக்க மருந்து குடுத்தனீங்கள்!"

"உனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தித் தாறன், வா. அந்த வியாழக்கிழமை நானும் கூட வாறன். நீ தனியப் போனா வாசலில நிண்டு திரும்பி வந்திடுவாய்."

அந்த வியாழன் நாளைக்குத்தான். கூடப் போக ஆளில்லை. கடிதத்தை நான் பார்த்தது அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவிடம் ஒரு பெண்பிள்ளை பேசும் விடயமா இது? ஆனால் கடிதம் இப்போது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

பெரியப்பாவின் கைக்கடிகாரம் என் அண்ணாவுக்குப் போயிற்று. நான் வைத்திருப்பது, வெட்கப்படாத அந்த நாய்களைப் பற்றி அவர் சொன்னதை மட்டும்தான். அதை அப்பாவிடம் திருப்பிச் சொல்ல எனக்குக் குரல் வரவேண்டும்.

அறைக்கு வெளியே நடையில் விளக்கு எரிகிறது. அப்பா எழும்புவது இன்றிரவு மூன்றாம் தரம். என் கதவடியில் காலடி நிற்கிறது. தட்டுகிறார்.

"பிள்ளை, இன்னும் நித்திரை இல்லையோ?"

கடிதத்தை எடுத்துவிட்டேன். கதவைத் திறக்கப் போகிறேன்.