எங்கள் ஊருக்கு நான் போன சுற்றுலா

நேற்று லேப்டாப் சார்ஜரின் ஒயர் கழுத்தோடு விட்டுப்போனது. புதுசு வாங்கச் சோம்பல்பட்டு, கடையில் கருப்பு டேப் ஒரு சுருள் வாங்கிவந்து முனையைப் பிரித்தேன் பாருங்கள், குப்பென்று அந்தப் பசை வாசனை. உங்களுக்கு அது எலக்ட்ரீஷியன் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது கௌரி அக்காவின் கை வாசனை.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். காருக்குள் நரம்பு மாதிரி ஓடும் ஒயர்களை ஒரு பலகையில் வரிசைப்படுத்தி, கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். எந்தச் சோப்புக்கும் அந்தப் பசை மசியாது. அவள் பிசைந்து கொடுத்த தயிர்சாதத்தில்கூட லேசாக வாசனை வரும். எங்கள் வீட்டில் வாளிக் கைப்பிடி, அப்பாவின் கண்ணாடிக் கால், டிவி ரிமோட், ஒருமுறை என் செருப்பு, எல்லாம் கம்பெனியில் வெட்டிப் போட்ட மிச்சத் துண்டு டேப்பில்தான் உயிரோடு இருந்தன. கார் எங்களிடம் இல்லை. காருக்குச் செய்கிற வைத்தியம் மட்டும் இருந்தது.

எங்கள் கிராமம் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு பொறியியல் கல்லூரி வரும். தண்டலம் பக்கம் போனால் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதற்குள் மூன்று கல்லூரி தாண்டிவிடும். ஆனால் கவுன்சிலிங்கில் எனக்குக் கிடைத்தது கோயம்புத்தூருக்கும் அந்தப் பக்கம். எங்கள் ஊர்க் கல்லூரிகளில் மதுரைப் பிள்ளைகளும் திருநெல்வேலிப் பிள்ளைகளும் படித்தார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, நிச்சயம் ஆம்னி பஸ் வைத்திருந்திருப்பார்.

செமஸ்டர் முடிகிற அன்று ஹாஸ்டலில் மெத்தைகள் சுருண்டுவிடும். மெஸ்ஸில் வழக்கமானதைவிடத் தண்ணீரான சாம்பார் ஊற்றுவார்கள், பிரிவுத்துயரம் யாருக்கும் வந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில். நான் ஒரு பை நிறைய அழுக்குத் துணியும் ஒரு பை நிறையப் புத்தகமுமாகக் கிளம்புவேன். துணியை அம்மா துவைத்துவிடுவாள். புத்தகம் வந்த மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். சிங்கப்பெருமாள்கோயிலில் விடியற்காலையில் இறங்கி ஒரகடம் பஸ்ஸுக்கு நிற்பேன். கண்ணெதிரே பஸ்ஸாகப் போகும். வெள்ளைப் பஸ், நீலப் பஸ், திரை போட்ட ஏசி பஸ். எல்லாம் கம்பெனி பஸ், எதுவும் நிற்காது. எங்கள் ஊர் வழியாகப் போகிற அரசு பஸ் ஒன்றும் உண்டு. அதை நம்பி நின்றவர்கள் கடைசியில் ஷேர் ஆட்டோவில் போனார்கள்.

மூன்றாம் வருடம் எங்கள் வகுப்புக்கு ஐ.வி. வந்தது. இண்டஸ்ட்ரியல் விசிட் என்பதன் சுருக்கம். ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு ஃபேக்டரியை எட்டிப் பார்த்துவிட்டு மூன்று நாள் கொடைக்கானலில் படகு விடுவதுதான் அதில் மரபு. எங்கள் எச்.ஓ.டி. மரபுகளில் நம்பிக்கை இல்லாதவர். பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்புகிறோம், ஒரே நாளில் திரும்புகிறோம், இடம் ஒரகடம் என்றார்.

"ஒரகடமா? அது எங்கிருக்குது?" என்றாள் ரம்யா. என் ரூம்மேட், பொள்ளாச்சிக்காரி.

"எங்க வூட்டுக்குப் பின்னாடி."

"அங்க பாக்கறதுக்கு என்ன இருக்குது புள்ள?"

"எங்கம்மா."

கம்பெனி பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் கம்பெனியேதான். எச்.ஓ.டி.யிடம் போய், "சார், நான் முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டு நேரா கம்பெனி கேட்டுக்கு வந்துடறேன்" என்றேன். அவர் என்னை, பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "காலேஜ் பஸ்ல போகோணும், காலேஜ் பஸ்ல திரும்போணும். பொம்பளப் புள்ளைங்க பொறுப்பு எனக்கு இருக்குதில்ல?" திரும்பிவந்து, மறுபடி பஸ் பிடித்து, மறுபடி ஊருக்குப் போக வேண்டும். அதாவது, என் ஊரைப் பார்த்துவிட்டு என் ஊருக்குப் போக ஆயிரம் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். போனில் சொன்னபோது அம்மாவுக்குப் புரியவே இல்லை. "ஊருக்கு வர, வூட்டுக்கு வர மாட்டியா? இன்னாடி படிப்பு இது?" அக்கா போனைப் பிடுங்கி, "வந்தா என்னப் பாத்துப் பல்லக் காட்டாத. லைன்ல பேசக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

ஹாஸ்டலைப் பூட்டிவிட்டதால் என் இரண்டு பைகளும் காலேஜ் பஸ்ஸிலேயே வந்தன. காலையில் ஒரகடம் கூட்டு ரோட்டை நெருங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா நின்றிருந்தாள், கையில் டிஃபன் கேரியரோடு. "சார், எங்கம்மா சார், ஒரு நிமிஷம்" என்றேன். "டைம் ஆச்சும்மா" என்றார். பஸ் நிற்கவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அம்மா எங்கள் பஸ்ஸைப் பார்க்கவேயில்லை என்பதுதான் உறுத்தியது. முன்னால் போன ஏதோ ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பாகக் கை ஆட்டிக்கொண்டே நாலடி ஓடினாள். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்வது?

கம்பெனியில் டை கட்டிய எச்.ஆர். ஒருவர் வரவேற்றார். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, திரையில் படம் ஓட்டினார். "நாங்க எம்ப்ளாயீஸ்னு சொல்றதே இல்ல. ஃபேமிலினுதான் சொல்வோம்." குடும்பத்தில் யாருக்கு எந்த நிறச் சட்டை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நிரந்தரமானவர்களுக்கு நீலம், அக்கா மாதிரி ட்ரெய்னிகளுக்குச் சாம்பல். உள்ளே போய்ப் பார்த்தபோது குடும்பம் மொத்தமும் சாம்பலாகத்தான் இருந்தது. நீலம் ஒன்றிரண்டு நடுவில் நடந்துகொண்டிருந்தது.

நூறு பெண்களாவது இருப்பார்கள். மெதுவாக நகர்கிற பலகைகள், கூடவே நகர்கிற கால்கள், டேப் கிழிபடும் சத்தம். எத்தனையோ பலகை இருக்க, எச்.ஆர். போய் நின்றது அக்காவின் பலகையில். அக்கா என்னைப் பார்த்தாள். புருவம் மட்டும் ஏறி இறங்கியது.

"இவங்க பக்கத்து வில்லேஜ்தான். வரும்போது ஒண்ணுமே தெரியாது. நாங்கதான் உருவாக்கினோம்" என்றார். அக்கா எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். அவளை உருவாக்கியதில் எங்கள் அப்பாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அவர் டை கட்டாததால் பேச்சில் வரவில்லை.

"சொல்லும்மா, கம்பெனியப் பத்தி ஸ்டூடன்ட்ஸுக்கு ரெண்டு வார்த்தை."

அக்கா கையை நிறுத்தவில்லை. "நல்லா கீது சார். இன்னியோட எனக்கு ட்ரெய்னிங் முடியுது. இது நாலாவது வாட்டி."

எச்.ஆரின் சிரிப்பு அப்படியே நின்றது. ஆனால் எங்கள் எச்.ஓ.டி. பூரித்துப்போனார். "கேட்டீங்களா? நாலு தடவை ட்ரெய்னிங் குடுத்திருக்காங்க! லேர்னிங் எப்பவும் நிக்கக் கூடாது. நோட் பண்ணிக்குங்க." வகுப்பே குனிந்து நோட் பண்ணியது.

விஷயம் இதுதான். ஒரு ஒப்பந்தக்காரர் பெயரில் ட்ரெய்னியாக எடுப்பார்கள். நிரந்தரம் கேட்டுவிடுவாளோ என்கிற காலம் நெருங்கும்போது, பயிற்சி முடிந்தது, போய் வா என்பார்கள். கொஞ்ச காலம் வீட்டில் உட்கார வேண்டும். பிறகு கூப்பிட்டால், வேறொரு ஒப்பந்தக்காரர் பெயரில், அதே பலகையில், அதே டேப்பைச் சுற்றப் புதிதாகக் கற்றுக்கொள்ள வர வேண்டும். மூன்று முறை நடந்தது எனக்குத் தெரியும். நாலாவது அன்றைக்கென்று தெரியாது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், அது எங்கக்கா" என்றேன், அந்தச் சத்தத்திலும் கேட்கிற மாதிரி.

எச்.ஆர். ஒரு நொடி திகைத்துவிட்டு, பிழைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, இதைத்தான் ஃபேமிலினு சொன்னேன்!" உடனே போட்டோ. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் குடும்பத் தலைவராக அவர். அக்கா உதடு அசையாமல், "சிரிச்சினு நில்லுடி, லைன் ஓடுது" என்றாள்.

நாங்கள் கிளம்பும் நேரமும் அக்காவின் ஷிஃப்ட் முடியும் நேரமும் ஒன்றாக அமைந்தது. கேட்டில் செக்யூரிட்டி, பயிற்சி முடிந்தவர்களின் கார்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார். கார்டு இல்லையென்றால் கம்பெனி பஸ்ஸிலும் ஏற முடியாது. குடும்பத்திலிருந்து அனுப்புகிறவர்கள் வீடுவரை கொண்டுவிட மாட்டார்கள் போல. அக்கா தோளில் பையோடு ரோட்டோரம் நின்றாள்.

"சார், எங்கூர் வழியாத்தானே போறோம். அக்காவ ஏத்திக்கலாமா?"

"வெளியாளுங்கள ஏத்த முடியாதும்மா. இன்சூரன்ஸ் பிரச்சினை."

"அப்ப நானும் இறங்கிக்கறேன் சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அவர் முகம் சிவந்தது. "இறங்கினா, அடுத்த செமஸ்டர் உங்கப்பாவக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள கால் வைக்கோணும்." ரம்யா என் இரண்டு பைகளையும் ஜன்னல் வழியாக இறக்கிக் கொடுத்தாள். பஸ் போய்விட்டது.

அக்கா என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அறிவு கீதா உனக்கு?" என்றாள். பிறகு கனமான பையை அவள் எடுத்துக்கொண்டாள். புத்தகப் பை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"ஏன்க்கா போன்ல சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? பரீட்சைல அதையா எழுதுவ?"

கம்பெனிச் சுவர் முடிகிற திருப்பத்தில் ஒரு கம்பெனி பஸ் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கம்பெனி பஸ் எனக்காக நின்றது. டிரைவர் தாஸ் அண்ணன் தலையை நீட்டி, "சீக்கிரம் ஏறுங்கம்மா. கேமரா இங்க வராது" என்றார்.

உள்ளே சாம்பல் சட்டைகள். வாடின மல்லிகை, வியர்வை, டேப் பசை. "இன்னா கௌரி, லீவா?" என்று யாரோ கேட்க, "லீவுதான்" என்றாள் அக்கா. பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எல்லாருக்கும் அவரவர் தேதி தெரிந்திருந்தது. ஒரு பெண் எனக்கு முறுக்கு கொடுத்து, "இஞ்சினியர் மேடம், நீங்க கம்பெனி ஆரம்பிச்சா எங்களப் பர்மனென்ட் பண்ணுங்க" என்றாள். நான் சரி என்றேன். இன்றுவரை ஆரம்பிக்கவில்லை.

வீட்டில் அம்மா காலையில் கட்டிய இட்லியை உப்புமாவாக்கி வைத்திருந்தாள். கையாட்டியதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

எனக்குச் செமஸ்டர் லீவு, அக்காவுக்குக் கம்பெனி விட்ட லீவு. இரண்டும் சேர்ந்து வந்தது அந்த ஒரு முறைதான். ஊர் சுற்றினோம். வல்லக்கோட்டை முருகனில் ஆரம்பித்து, காஞ்சிபுரம், மாமல்லபுரம் என்று அரசு பஸ்ஸிலேயே. அக்கா ஏறினதும் தூங்கிவிடுவாள். வருஷக்கணக்கான ஷிஃப்ட் தூக்கம். மாமல்லபுரத்தில் கடலில் கால் நனைத்தபடி, "அப்பப்ப ட்ரெய்னிங் முடிஞ்சாக்கூட நல்லாத்தாண்டி கீது" என்றாள். ஒரு அலை வந்து போனது. "கூப்பிடுவானுங்க இல்ல?" என்றாள்.

கூப்பிட்டார்கள். ஐந்தாவது முறையாகச் சேர்ந்தாள். அப்பா ஒரு குடோனில் காவல் வேலையில் இருந்தார், லீவு கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். அதனால் எச்.ஓ.டி. முன்னால் எனக்குப் பாதுகாவலராக நின்றது அக்காதான். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பட்டுப் பார்டர் வைத்த சேலையில் வந்திருந்தாள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒழுக்கம், பொறுப்பு, குடும்பப் பெயர் என்று நிறையச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "நீங்க என்ன பண்றீங்க?" என்றார்.

"ட்ரெய்னிங்ல கீறேன் சார்."

"வெரி குட். தங்கச்சிக்கும் கொஞ்சம் சொல்லுங்க."

வெளியே வந்து, மெஸ் பக்கத்துப் புளியமரத்தடியில் நின்று, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அக்கா சிரிப்பை முடிக்க என்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. லைனை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஷெட் மட்டும் இருக்கிறது, யாரோ பார்சல் அடுக்கும் கிடங்காக வைத்திருக்கிறார்கள். கூட்டு ரோட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் சாம்பல் சட்டைக் கூட்டம் இறங்கி, நாலு திசைக்கும் பிரிகிற காட்சி இல்லை. தாஸ் அண்ணன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. எச்.ஆர். மட்டும் எங்கோ நன்றாகத்தான் இருப்பார், அப்படிப்பட்டவர்களுக்கு எப்போதும் ஒரு குடும்பம் கிடைத்துவிடும்.

அக்கா அனுபவச் சான்று கேட்டு அலைந்தாள். கம்பெனி, ஒப்பந்தக்காரரைக் கேள் என்றது. ஒப்பந்தக்காரர்கள் ஐந்து பேரில் ஒருவரின் பெயர்ப்பலகைகூட மிஞ்சவில்லை. பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்குப் போனாள். துணைக்கு நானும் போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு அக்காவைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். "இதுக்கு முன்னாடி எங்கயாவது வேலை பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு அப்போது முப்பது வயது. ஒரு நிமிஷம் தன் விரல்களைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள். "ஃப்ரெஷர்."